ரேடாருக்கு ஒன்று, குரலுக்கு வேறொன்று: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்கான டெண்டரில் நெட்வொர்க் பகுதியை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு ரொம்பவே சந்தோஷம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாத் தகவல் தொடர்பும் டிசிபி வழியாக நம்பகமாகச் செல்ல வேண்டும்" என்று வரைவில் ஒரு வரி இருப்பதாக எழுதியிருந்தாய். டிசிபி, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்க்கும் முறைதான்; ஆனாலும் அந்த வரியை முதலில் எடுத்துவிடு. ஒவ்வொரு தகவல் ஓட்டத்தையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேள்: இது தாமதமாக வந்தால் பயன் உண்டா? ரேடார் தகவல் தாமதித்தால் குப்பை. விமானத் திட்டம் (எந்த விமானம் எந்த வழியில் எப்போது போகும் என்ற தகவல்) ஒரு நிமிடம் தாமதித்தாலும் பரவாயில்லை, தொலையக் கூடாது. குரல் தாமதிக்கவும் கூடாது, அறுபடவும் கூடாது. மூன்றுக்கும் ஒரே புரோட்டோகால் எப்படிப் பொருந்தும்?

ரேடாரை எடுத்துக்கொள். விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச் ரேடார் நிமிடத்துக்கு 12 முதல் 15 சுற்று சுற்றுகிறது. அதாவது 4, 5 விநாடிக்கு ஒருமுறை விமானத்தின் புதிய இடம் கிடைக்கிறது. தொலைதூர ரேடாருக்கு அது 10, 12 விநாடி. ஒரு பதிவு தொலைந்தால் விமானத்தின் பாதையைத் தொடரும் டிராக்கர் மென்பொருள் பழைய வேகத்தையும் திசையையும் வைத்துக் கணித்துக்கொள்ளும், அடுத்த சுற்றில் சரியாகிவிடும். இதே ஓட்டத்தை டிசிபியில் ஏற்றினால் என்ன ஆகிறது என்று பார். லைன் 30 விநாடி அறுந்து மீண்டும் வருகிறது என்று வைத்துக்கொள். லினக்ஸில் மறு அனுப்பல் 0.2 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிக்கும். 0.2, 0.6, 1.4, 3.0, 6.2, 12.6, 25.4 என்று போய் அடுத்த முயற்சி 51-வது விநாடியில்தான் நடக்கும். லைன் 30-வது விநாடியிலேயே சரியாகிவிட்டது. ஆனால் இன்னும் 21 விநாடி எதுவும் வராது. ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது, திரையில் மட்டும் அந்த ரேடாரின் பதிவு இல்லை. பிறகு தேங்கிக் கிடந்த பழைய பதிவுகள் மொத்தமாக வந்து கொட்டும், புதியவை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

அதனால்தான் ஆஸ்டெரிக்ஸ் என்ற செய்தி வடிவத்தில் வரும் ரேடார் தகவலைப் பரவலாக யுடிபி மல்டிகாஸ்டில் அனுப்புகிறார்கள். யுடிபி தொலைந்ததை மறுபடி அனுப்பாது; மல்டிகாஸ்ட் ஒரே பாக்கெட்டைக் குழுவில் உள்ள எல்லோருக்கும் சேர்க்கும். யுடிபிக்கு இணைப்பு என்ற கருத்தே கிடையாது. அப்படியானால் லைன் செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? விமானப் பதிவுகள் வரும் வகை 048-ஐ மட்டும் கவனித்தால் ஏமாந்துபோவாய். அதிகாலை 3 மணிக்கு வானில் ஒரு விமானமும் இல்லாவிட்டால் 048 வராது, லைன் அறுந்தாலும் வராது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வகை 034-ஐப் பார்க்க வேண்டும். ஆன்டெனா வடக்கைக் கடக்கும்போதும் ஒவ்வொரு செக்டாரைக் கடக்கும்போதும் ரேடார் ஒரு 034 செய்தி அனுப்பும். வானம் காலியாக இருந்தாலும் அது நிற்காது. ஒரு முழுச் சுற்று நேரத்துக்குள் வடக்குச் செய்தி வராவிட்டால் எச்சரிக்கை எழ வேண்டும் என்று டெண்டரில் தெளிவாக எழுது.

மல்டிகாஸ்டில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. பொருத்திய அன்று எல்லாம் நன்றாக ஓடும், நாலு நிமிடம் கழித்து ரேடார் காணாமல் போகும், கருவியை மறுபடி இயக்கினால் வந்துவிடும், மீண்டும் போய்விடும். இந்த அறிகுறியைக் கண்டால் ரேடாரைத் திறக்காதே. ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பாக்கெட்டை அனுப்பும் வசதி, இயங்குகிறது, ஆனால் அந்த விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) குவெரியர் இல்லை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஆள் இல்லாததால், இருமடங்கு 125-உடன் 10 சேர்த்து 260 விநாடியில் ஸ்விட்ச் உறுப்பினர் பெயரை அழித்துவிடுகிறது. ஒவ்வொரு விலானுக்கும் குவெரியர் யார் என்று வரைபடத்திலேயே எழுதி வை. இன்னொன்று, அனுப்பும் கருவியில் மல்டிகாஸ்ட் டிடிஎல், அதாவது பாக்கெட்டின் பயண எல்லையைக் குறிக்கும் எண், 1 என்றே பெரும்பாலும் இருக்கும். அறைக்குள் சோதித்தால் வேலை செய்யும், ரூட்டரைத் தாண்டாது.

நேரத்தையும் மறந்துவிடாதே. 048 பதிவில் நள்ளிரவிலிருந்து கடந்த யுடிசி நேரம் விநாடியில் 128-ல் ஒரு பங்கு நுட்பத்தில் இருக்கும். ரேடார் நிலையத்துக் கடிகாரம் ஒரு விநாடி விலகினால், 480 நாட் வேகத்தில் போகும் விமானம் சுமார் 247 மீட்டர் தள்ளித் தெரியும். இரண்டு ரேடார்கள் ஒரே விமானத்தைப் பார்க்கும் பகுதியில் டிராக் முன்னும் பின்னும் துள்ளும். நெட்வொர்க்கைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியின் நிலையைப் பார்.

குரலுக்கு வருவோம். இங்கேதான் நீ அதிக நேரம் செலவிட வேண்டும். டெலிபோன் நிறுவனங்கள் பழைய நாலு கம்பி அனலாக் லைன்களையும் இ1 டிஜிட்டல் லைன்களையும் நிறுத்திக்கொண்டு வருவதால், ரேடியோ நிலையங்களுக்குக் குரலை ஐபியில் அனுப்புவதைத் தவிர நீண்ட நாள் வழி வேறில்லை. அதற்கான தரம், விமானத் துறைக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோகேயின் ஈடி-137. அழைப்பை ஏற்படுத்த சிப் என்ற புரோட்டோகால், குரலைச் சுமக்க ஆர்டிபி என்ற புரோட்டோகால். சாதாரண அலுவலக ஐபி போனிலிருந்து இது வேறுபடும் இடம் பிடிடி, அதாவது பேசுவதற்கு அழுத்தும் பொத்தான். கட்டுப்பாட்டாளர் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சிப் அழைப்பு போட நேரமில்லை. ஆகவே அழைப்பு நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், பொத்தான் அழுத்தியதை ஆர்டிபி தலைப்பின் நீட்சிப் பகுதி சொல்லும். அந்த நீட்சியின் வகை எண் 0x0167. அதில் பிடிடி வகைக்கு 3 பிட், ரேடியோவில் சிக்னல் வருகிறதா என்று சொல்லும் ஸ்கெல்ச்சுக்கு 1 பிட், யார் அழுத்தியது என்பதற்கு 6 பிட். குரலும் அதை ஒலிபரப்பும் கட்டளையும் ஒரே பாக்கெட்டில் பயணம் செய்கின்றன. இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று வந்து மற்றொன்று வராமல் போகும் நிலைக்கே இடமில்லை.

கணக்கைப் பார். குரலை எண்ணாக்கும் ஜி.711 முறையில் 20 மில்லிவிநாடிக்கு 160 பைட் குரல், ஆர்டிபி 12, நீட்சி 8, யுடிபி 8, ஐபிவி6 தலைப்பு 40, ஆக 228 பைட். விநாடிக்கு 50 பாக்கெட். ஒரு திசைக்கு 91.2 கிலோபிட், பழைய ஐபிவி4 என்றால் 83.2. ஈதர்நெட் மேல்செலவு தனி. 10 அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் முதன்மை, மாற்று ரேடியோக்கள் என்று பெருக்கினாலும் 2 மெகாபிட் சுற்றளவில்தான் நிற்கும். இதை மிச்சப்படுத்த குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 போடலாமா என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதே. இரைச்சலோடு வரும் ஏஎம் ரேடியோ குரலை அது மேலும் நசுக்கும். அழைப்புக்குறியின் மெய்யெழுத்துகள்தான் முதலில் கெடும். இன்றைய லைனில் அந்தச் சில கிலோபிட் ஒரு பொருட்டே இல்லை.

தாமதத்துக்கு, யூரோகேயின் இன்னொரு ஆவணமான ஈடி-136 தரைப் பகுதிக்கு விடும் அளவு 130 மில்லிவிநாடி. பாக்கெட் கட்ட 20, பாக்கெட்டுகள் சீரில்லாமல் வருவதைச் சமன் செய்யும் ஜிட்டர் பஃபருக்குக் கொஞ்சம், ரேடியோவுக்குக் கொஞ்சம் போக மீதிதான் நெட்வொர்க்குக்கு. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒருமுறை மேலே போய் இறங்கவே சுமார் 240 மில்லிவிநாடி ஆகும். ஆகவே விசாட் என்ற செயற்கைக்கோள் லைனை மட்டும் நம்பி ஒரு ரேடியோ நிலையத்தை வைக்காதே. கடைசி மாற்றுவழியாக இருக்கட்டும்.

பொத்தான் அழுத்தாத நேரத்தில் இரு பக்கமும் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் ஆர்2எஸ் கீப்அலைவ் பாக்கெட்டுகள் பறக்கும். வழக்கமான அமைப்பு 200 மில்லிவிநாடிக்கு ஒன்று, 10 தவறினால் இணைப்பு போனதாகக் கணக்கு. அதாவது 2 விநாடி. உன் ரூட்டர்களில் வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் இயல்பான அமைப்பில், 10 விநாடிக்கு ஒரு ஹலோ செய்தி, 40 விநாடி அது வராவிட்டால் இணைப்பு செத்ததாகக் கணக்கு என்று வைத்து, ஓடினால் இடையில் எங்கோ ஒரு இணைப்பு சத்தமில்லாமல் சாகும்போது என்ன ஆகும்? நெட்வொர்க் மாற்றுவழி கண்டுபிடிக்கும் முன்பே எல்லா ரேடியோ அழைப்புகளும் விழுந்துவிடும். இணைப்பு அறுந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி போட்டு, 50 மில்லிவிநாடி வீதம் 3 தவறினால் மாற்று என்று வை. 150 மில்லிவிநாடியில் கண்டுபிடித்துவிடும். லைன் கொடுக்கும் நிறுவனம் பிஎஃப்டியை அனுமதிக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேள். குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கேட்கும் இஎஃப் முத்திரை, அதாவது டிஎஸ்சிபி 46, அவர்கள் நெட்வொர்க்கைக் கடந்து மறுமுனையிலும் அப்படியே வருகிறதா என்று பாக்கெட் பிடித்துப் பார்த்து வாங்கு. லைனை முழுக்க நிரப்பிவிட்டு அதே நேரத்தில் பேசிப் பார்.

ஃபயர்வாலில் சிப் ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்துவிடு. அது உதவி செய்வதாக நினைத்து சிப் செய்திகளைத் திருத்தும். ஈடி-137 கேட்கும் டபிள்யூஜி67 பதிப்புத் தலைப்பை நடுவில் யாராவது கழற்றிவிட்டால் ரேடியோ அழைப்பை மறுத்துவிடும். அது ஏன் மறுக்கிறது என்று தேடுவதற்குள் ஒரு வாரம் ஓடிப்போகும்.

மையத்துக்கும் மையத்துக்கும் இடையிலான செய்திகளுக்கு டிசிபி சரியான தேர்வு. ஐரோப்பாவில் மையங்கள் விமானத்தைக் கைமாற்றும் ஓஎல்டிஐ செய்திகளை எஃப்எம்டிபி என்ற புரோட்டோகால் மூலம், டிசிபியில், ஐபிவி6 மீது அனுப்ப வேண்டும் என்று 2007-ல் 633/2007 என்ற ஒழுங்குமுறையே போட்டார்கள். நம் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் ஏஐடிசி செய்திகள், விமானத் துறையின் பழைய செய்தி நெட்வொர்க்கான ஏஎஃப்டிஎன் அல்லது அதற்குப் பின் வந்த ஏஎம்எச்எஸ் மேல் போகின்றன. எதுவானாலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. டிசிபி ஏற்பு கிடைத்தது என்றால் எதிர்க் கணினியின் இயங்குதளம் பைட்டுகளை வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அங்குள்ள விமானத் திட்டச் செயலி அதைப் புரிந்துகொண்டதா என்று எல்ஏஎம் என்ற ஏற்புச் செய்தி வந்தால்தான் தெரியும், ஏஐடிசியில் எல்ஆர்எம் வந்தால் நிராகரித்துவிட்டது என்று பொருள். எல்ஏஎம் குறித்த நேரத்தில் வரவில்லையென்றால் கட்டுப்பாட்டாளர் திரையில் எச்சரிக்கை வந்து, அவர் போனை எடுக்க வேண்டும். டிசிபியின் சொந்த கீப்அலைவை நம்பாதே, அது இயல்பில் 2 மணி நேரம் கழித்துத்தான் விழிக்கும். எஃப்எம்டிபிக்கு ஹார்ட்பீட் உள்ளே இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

ஐபிவி6 என்றதும் சில பாதுகாப்பு ஆட்கள் பழைய பழக்கத்தில் நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பியை முழுக்க அடைத்துவிடுவார்கள். ஐபிவி6-ல் நடு ரூட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது, "இது பெரிது" என்று ஐசிஎம்பி செய்திதான் அனுப்பும். அதை அடைத்துவிட்டு ஐபிசெக் மறையாக்க டனலும் போட்டால் இணைப்பு எழும், ஹார்ட்பீட் ஓடும், நீளமான செய்தி ஒன்று வந்ததும் அப்படியே தொங்கிவிடும். சோதனையில் குட்டிச் செய்திகளை மட்டும் அனுப்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதே.

ஏஎஃப்டிஎன்னில் ஒரு செய்திக்கு 1800 எழுத்துதான் எல்லை. எக்ஸ்எம்எல் வடிவில் வரும் ஐடபிள்யூஎக்ஸ்எக்ஸ்எம் வானிலைத் தகவல் அதில் போகாது. ஏஎம்எச்எஸ்ஸில் கோப்பு இணைக்கும் வசதி இருக்க வேண்டும். "ஏஎம்எச்எஸ் உண்டு" என்று விற்பனையாளர் சொன்னால் அடிப்படைச் சேவையா, விரிவாக்கப்பட்ட சேவையா என்று கேள். இதை ஏதோ அலுவலக மெயில் என்று இரண்டாம் இடத்தில் வைக்காதே. 2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டெல்லியில் செய்தி மாற்று அமைப்பு பழுதாகி, விமானத் திட்டங்களைக் கையால் ஏற்ற வேண்டியதாகி, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. இதற்கும் ரேடாருக்குக் கொடுக்கும் அதே இரட்டைப் பாதை, அதே கண்காணிப்பு வேண்டும்.

விமானத்துக்கும் தரைக்கும் இடையில் எழுத்துச் செய்தி போகும் டேட்டாலிங்க் உன் டெண்டரில் சிறு பகுதி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் மேல் ஏகார்ஸ் என்ற விமானச் செய்தி அமைப்பு வழியான ஃபேன்ஸ் 1/ஏ டேட்டாலிங்க் தொடரும். ஐரோப்பா ஐபிக்குப் பதில் ஓஎஸ்ஐ புரோட்டோகால் அடுக்குகளை விடிஎல் மோட் 2 என்ற ரேடியோ இணைப்பு மீது ஓட்டியது, வேகம் 31.5 கிலோபிட். எல்லாரும் 136.975 மெகாஹெர்ட்ஸ் ஒன்றிலேயே நெருக்கியடித்து இணைப்புகள் நடுவில் அறுந்ததில், விமானங்களில் இதைப் பொருத்த விதித்த 2015 கெடு 2020-க்குத் தள்ளிப்போனது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ அடுத்து வைத்திருப்பது 9896 ஆவணத்தின் ஐபிவி6 வழி. தரை நெட்வொர்க்கில் இன்றே ஐபிவி6 முகவரித் திட்டம் போட்டுவிட்டால் அப்போது சிரமமில்லை.

கடைசியாகப் பாதைகள். 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்து விமானங்களைக் கவனிக்கும் பிலடெல்பியா மையத்தில் ரேடாரும் ரேடியோவும் ஏறக்குறைய 90 விநாடி இல்லாமல் போயின. ரேடார் தகவல் நியூயார்க்கிலிருந்து தொலைபேசி லைன்களில் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் செப்புக் கம்பிக்குப் பதில் ஃபைபரும், புதிதாக மூன்று லைன்களும் போடுவதாக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அறிவித்தது. இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கினால் போதாது. கட்டடத்துக்குள் நுழையும் குழாய், சாலையோரப் பள்ளம், பாலம், மின் இணைப்பு எல்லாம் வேறு வேறா என்று வரைபடம் கேட்டு வாங்கி, நடந்துபோய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. குரல் ஒரு பாதையில் முதன்மையாகவும், ரேடார் மற்றொன்றில் முதன்மையாகவும் ஓடட்டும். ஏற்புச் சோதனையில் கேபிளைப் பிடுங்கினால் மட்டும் போதாது. போர்ட் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, பாக்கெட் மட்டும் போகாத நிலையையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்.

வரைவு முடிந்ததும் டைமர் மதிப்புகளின் அட்டவணையை மட்டும் முதலில் அனுப்பு. ஆர்2எஸ், பிஎஃப்டி, ஹார்ட்பீட், எல்ஏஎம் காத்திருப்பு நேரம் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு