பூட்டிக் கிடந்த ஆலயமும் பிராம்லி-பை-போ மக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சமய அமைப்புகளின் சமூகத் தொண்டு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இத்தகைய அமைப்புகள் வளர்வதற்குப் பெரிய நன்கொடைகளும் அரசு மானியமுமே காரணம் என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கிழக்கு லண்டனில் வசிப்பவன் என்ற முறையில், இங்குள்ள பிராம்லி-பை-போ என்ற பகுதியில், ஓர் ஆலயத்திலிருந்து உருவான சமூக நல மையம் வளர்ந்த விதத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1984இல் ஆண்ட்ரூ மாசன் என்ற போதகர் அப்பகுதியில் இருந்த ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயத்துக்குப் பொறுப்பேற்றபோது, வழிபாட்டுக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள்தாம். வங்கிக் கணக்கில் இருந்தது 400 பவுண்டு. சுற்றிலும் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள், வேலையின்மை, வங்காளதேசத்திலிருந்து வந்து ஆங்கிலம் பேசத் தயங்கிய குடும்பங்கள். ஆலயத்திடம் தாராளமாக இருந்தது இடம் மட்டுமே. அதுவும் பெரும்பாலான நாட்களில் பூட்டிக் கிடந்தது. படகு கட்ட இடம் தேடி வந்த ஒருவருக்கு மாசன் அதைத் திறந்துவிட்டார். சிலி நாட்டின் ராணுவ ஆட்சியால் நாடு விட்டு வந்த மரச்சிற்பி சாந்தியாகோ பெல் அங்கே பட்டறை அமைத்தார். கலைஞர்கள் வாடகை தர வேண்டியதில்லை, அக்கம்பக்கத்து மக்களுக்குத் தங்கள் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்பதே ஏற்பாடு. பின்னர் குழந்தைகள் காப்பகம் வந்தது. அதற்காக ஆலயத்தின் உட்புறமே மாற்றப்பட்டு, நடுவில் கூடாரம் போன்ற துணி விதானத்தின் கீழ் வழிபாட்டுக்கும், அதைச் சுற்றிலும் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

இதற்கு அந்த முதியவர்கள் இசைந்ததைத்தான் நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். காலங்காலமாகத் தங்களுடையது என்றிருந்த வழிபாட்டிடத்தை, தங்கள் மதத்தைச் சேராதவர்களும் உரிமையோடு புழங்கும்படி விட்டுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது, எந்த மதத்தின் ஆலய நிர்வாகக் குழுவிலாவது இருந்தவர்களுக்குத் தெரியும்.

1990களின் தொடக்கத்தில், குடியிருப்பைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் புற்றுநோயால் இறந்தார். மருத்துவத் துறையும் சமூக நலத் துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால், அவரை அவருடைய பிள்ளைகளும் ஆலயத்தைச் சேர்ந்தவர்களுமே கவனித்துக்கொள்ள நேர்ந்தது. அந்தத் துயரத்திலிருந்துதான், மருத்துவமும் மற்ற உதவிகளும் ஒரே வளாகத்தில் கிடைக்க வேண்டும் என்ற உறுதி பிறந்தது. அதிகாரிகளுடன் நீண்ட காலம் போராடி, 1997இல் அங்கே மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் மையத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குச் சொந்தம். குடும்ப மருத்துவர்கள் அதில் வாடகைக்கு இருப்பவர்கள். பணம் வந்தது உண்மைதான், ஆனால் அது பின்னால் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக மக்கள் வந்துபோய்ப் பழகிய இடம் என்பதால்தான் அதை நம்பிப் பணம் கொடுக்கவும் ஆள் இருந்தது.

அந்த வட்டாரத்துக்கு இது புதிய வழக்கமும் அல்ல. மையத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள கிங்ஸ்லி மண்டபத்தை, கிறிஸ்தவப் பற்று மிக்க மியூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர் என்ற சகோதரிகள் 1915இல் தொடங்கினார்கள். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகள், விடுதியில் தங்க மறுத்து, ஏறத்தாழ மூன்று மாதங்கள் அம்மண்டபத்தின் மாடியிலிருந்த சிறு அறையில் தங்கினார் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

இன்று அம்மையத்தில் மனச்சோர்வோடும் தனிமையோடும் வருபவரை மருத்துவர் மாத்திரையோடு அனுப்பிவிடுவதில்லை. தோட்ட வேலைக்கோ, ஆங்கில வகுப்புக்கோ, கடன் ஆலோசகரிடமோ அனுப்புகிறார். அங்கே பணியாற்றிய மருத்துவர் சாம் எவரிங்டன் இந்த முறையை நாடறியச் செய்தார். 2019இல் வெளியான இங்கிலாந்து தேசிய சுகாதாரச் சேவையின் நீண்டகாலத் திட்டம், நோயாளிகளை இவ்வாறு வழிநடத்தும் பணியாளர்களை நாடு முழுவதும் நியமிக்க வகை செய்தது. நல்ல முடிவு. ஆயினும், அனுப்பிவைக்க அந்தந்த வட்டாரத்தில் ஒரு தோட்டமோ தையல் வகுப்போ இல்லையென்றால் அந்தப் பணியாளர் நோயாளியை எங்கே அனுப்புவார்? அவற்றை நடத்த இடம் வேண்டும், இடம் வைத்திருப்பவர்கள் மனம் வைக்க வேண்டும்.

லண்டனில் நம்மவர்களின் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமாக மண்டபங்கள் இருக்கின்றன. வார நாட்களில் பகலில் அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்பு மக்களுக்கு, அவர்கள் எந்த இனத்தவராயினும் எந்த மதத்தவராயினும், திறந்துவிட இயலுமா, அதற்குத் தடையாக இருப்பது காப்பீடா, ஆள் பற்றாக்குறையா, தயக்கமா என்று அந்த நிர்வாகிகளிடமே நேரில் கேட்டு, தங்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.