பன்றி இருக்கும்வரை நாட்டுத் துப்பாக்கியும் இருக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளிவந்த இரு கட்டுரைகளையும் படித்தேன். ஒன்று, ஆஸ்திரேலியாவைப் பார்த்து நாமும் அவ்வாறே செய்ய வேண்டும் என்கிறது. மற்றொன்று, ஆங்கிலேயன் பறித்துக்கொண்ட ஆயுத உரிமையை அமெரிக்கரைப் போல நாமும் கேட்டுப் பெற வேண்டும் என்கிறது. களக்காட்டை அடுத்த மலையடிவாரத்தில் வாழை பயிரிட்டு வருபவன் நான். தந்தையார் காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைப் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் வைத்திருப்பவனும்கூட. இரண்டு கட்டுரைகளிலும் எங்கள் ஊர்ப்பக்கத்து நிலைமைக்கு இடமே இல்லாததால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு வாரம் முடிவதற்குள், பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்த நீள்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. தடை செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் விலைப்பட்டியல் வெளியிட்டுப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்காக மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 0.2 விழுக்காடு கூட்டினார்கள். ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அதன்பின் துப்பாக்கியால் நேர்ந்த தற்கொலைகளும் கொலைகளும் குறைந்தன. அந்தக் குறைவில் எவ்வளவு இத்திட்டத்தால் வந்தது, எவ்வளவு ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கட்டுரையாளர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைவிட முக்கியமான ஒன்றையும் விட்டுவிட்டார்: பணம் கொடுத்தது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். அந்த வகைத் துப்பாக்கியை இனி வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டமும், எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவும், உரிமம் கேட்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே வந்தன. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்து செய்ததும் ஏறக்குறைய இதே வழிதான். அங்கே 50,000க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன.

சட்டத்தை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நகரங்களே சாட்சி. அங்கே காவல்துறையினர் ஒரு சனிக்கிழமை தேவாலய வளாகத்திலோ பள்ளி மைதானத்திலோ மேசை போட்டு, கொண்டுவருபவரிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல், ஒரு துப்பாக்கிக்கு இத்தனை டாலர் என்று பரிசு அட்டை தருகிறார்கள். வருவது பெரும்பாலும் தாத்தாவின் துருப்பிடித்த வேட்டைத் துப்பாக்கி. குற்றம் செய்பவன் தன் கைத்துப்பாக்கியோடு அந்த வரிசையில் வந்து நிற்பதில்லை. 2022இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கிகளையும் பாகங்களையும் தாமே அச்சடித்துக் கொண்டுபோய் அரசிடமே விற்று அட்டைகளை வாங்கிய செய்தி அந்நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. செய்வதற்கு ஆகும் செலவைவிட அரசு தரும் விலை கூடுதலாக இருந்தால், பட்டறைக்கு அரசே வாடிக்கையாளர் ஆகிவிடுகிறது. நம் பக்கத்துக்கு இந்தத் திட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஆயுத உரிமை கேட்கும் இரண்டாவது கட்டுரையின் வாதத்தில் வரலாற்று உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஊமைத்துரையைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் சென்னை அரசு வெளியிட்ட பிரகடனம் இந்தச் சீமையிலிருந்து ஆயுதங்களையும் பாளையக்காரர் கோட்டைகளையும் ஒருசேர ஒழித்தது. பிற்பாடு 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. காந்தியடிகளே அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் அந்த அவமானம் இனப் பாகுபாட்டில் இருந்தது. சுதந்திர இந்தியா 1959இல் தனக்கென ஒரு ஆயுதச் சட்டத்தை இயற்றிக்கொண்டு, உரிமம் என்ற ஏற்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. நம் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு ஒன்றுகூடும் உரிமையைத் தரும்போதே 'ஆயுதமின்றி' என்று சேர்த்தே தருகிறது. அமெரிக்காவில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தமும், அதைத் தனிமனித உரிமை என்று உறுதி செய்த 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்நாட்டுக்கு உரியவை. இங்கே அப்படி ஒரு அடிப்படை உரிமை கிடையாது என்பதை நம் உச்ச நீதிமன்றமும் 2023இல் சுட்டிக்காட்டிவிட்டது. உரிமம் பெற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அரசு அதற்கென்று விலை எதுவும் கொடுக்கவில்லை, நாட்டில் எந்தக் கொந்தளிப்பும் எழவில்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைப்பதும் நமக்குப் பழகிய வழக்கம். கட்டையில் நூலால் ஓர் அட்டையைக் கட்டி, உரிம எண்ணையும் பெயரையும் எழுதி, மற்றவர்களுடையவற்றோடு சுவரில் சாய்த்துவைப்பார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கும்போது குழலுக்குள் துரு ஏறியிருந்ததும் உண்டு (எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, எண்ணெய்த் துணி ஒன்று கொடுத்துவைத்தால் போதும்). நான் சொல்ல வருவது, உரிமம் உள்ள துப்பாக்கியை அரசு எப்போது கேட்டாலும் கையில் கிடைக்கும். அதை விலை கொடுத்து வாங்குவதால் ஊர் அமைதி கூடிவிடாது.

பிரச்சினை பதிவேட்டில் இல்லாத துப்பாக்கிகளில் இருக்கிறது. சிறு ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் பன்னாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் சுமார் 7 கோடித் துப்பாக்கிகள்; அவற்றில் பதிவானவை 1 கோடிக்கும் குறைவு. இது மதிப்பீடுதான், எண்ணி எடுத்தது அல்ல என்றாலும், மிச்சம் எங்கே இருக்கிறது என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயை வெட்டிக் குழலாக்கி, வேங்கைக் கட்டையைச் செதுக்கிப் பிடி போட்டு, வாய் வழியே மருந்தையும் தேங்காய் நாரையும் இடித்துப் பால்ரஸ் குண்டு போடும் நாட்டுத் துப்பாக்கிதான் அது. வைக்கோல் படப்புக்குள்ளும் ஓட்டுச் சாய்ப்பிலும் இருக்கும். குழாய் வெடித்து விரலை இழந்தவர்களும், இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்டவர்களும் நம் செய்தித்தாள்களில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை ஏன் வைத்திருக்கிறார்கள்? தங்கள் கட்டுரையாளர் சொல்லும் 'துப்பாக்கிக் கலாசாரம்' என்பதெல்லாம் இங்கே பொருந்தாது. குலை தள்ளும் பருவத்தில் இருக்கும் வாழைத் தோப்பில் ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்தால், கிழங்கைத் தோண்டித் தின்பதற்காக மரத்தையே சாய்த்துவிட்டுப் போகும்; காலையில் போய்ப் பார்த்தால் உழுத வயல் போலக் கிடக்கும். சட்டப்படி அதைச் சுட முடியாது. என் உரிமத் துப்பாக்கியும் வெறும் சத்தம் போடத்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் எதுவும் செய்யக் கூடாது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய எங்கள் தோட்டங்கள் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. பன்றி அதிகமாக வரும் இடத்தில் அரசாணை வேலை செய்யாது, வேலை செய்யும் இடத்தில் பன்றி குறைவு. புலிக்கு இரை வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது; காப்பகத்தின் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை.

தமிழகத்தின் வேறு சில மலை மாவட்டங்களில் காவல்துறை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, தாமாக முன்வந்து நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கிறது, துப்பாக்கிகளும் வருகின்றன. நல்ல முயற்சி. ஆனால் உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்ற சட்டம் அப்படியே இருக்கையில், வாய்மொழி உறுதியை நம்பிக் கொண்டுவருபவர் எத்தனை பேர்? பழுதானதைக் கொடுத்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்வதற்கும் வழி இருக்கிறது. அப்படியே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாலும் பன்றி வரத்தான் செய்யும். அப்போது வீட்டு இணைப்பிலிருந்து நேரடி மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவான், அல்லது தீனிக்குள் வெடியை மறைத்து வைப்பான். மின்வேலியில் மிதித்து இறந்தவர்களில் வேலி போட்டவரின் வீட்டாரே உண்டு.

நெல்லைக்குத் துப்பாக்கி எதற்கு, இங்கே எல்லாம் அரிவாள்தானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 2021 செப்டம்பரில் பழிக்குப்பழிக் கொலைகள் தொடர்ந்தபோது, மாநிலக் காவல்துறை ரவுடிகளைப் பிடித்ததோடு கொல்லுப்பட்டறைகளுக்கும் போய், அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னது. பாளை அரிவாள் இல்லாமல் பனையேறிக்குப் பிழைப்பு இல்லை. வெட்டரிவாள் இல்லாமல் எனக்கு வாழை இல்லை. அதனால் அரிவாளைத் திரும்ப வாங்கும் திட்டம் என்று யாரும் பேசுவதில்லை, யார் வாங்குகிறான் என்றுதான் பார்க்கிறோம். இந்த மண்ணின் சாதிப் பகையையும் ஆத்திரத்தையும் வைத்துப் பார்த்தால், அரிவாள் எட்டும் தூரத்துக்குள் நின்றுவிடும் சண்டை துப்பாக்கி எட்டும் தூரத்துக்குப் போகாமல் இருப்பதே பெரிய காரியம். உரிமையை மீட்கச் சொல்லும் கட்டுரையாளர் இரண்டு கோயில் கொடை விழாக்களுக்கு இங்கே வந்து தங்கிப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்துக்குத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கும் திட்டம் வேண்டும் என்றால், தனி ஆளுக்குப் பணம் என்று இருக்கக் கூடாது. கொடுத்தால் மறுவாரமே புதிதாக ஒன்று பட்டறையில் தயாராகும். துப்பாக்கி வைக்காத யோக்கியனுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற மனக்குறையும் வரும். விலையை ஊருக்குக் கொடுங்கள். சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் இருக்கிறது. விவசாயி தன் பங்கைப் போட முடியாமல்தான் பலர் விலகிக்கொள்கிறார்கள். ஒரு கிராமத்தின் நாட்டுத் துப்பாக்கிகள் ஊராட்சி மூலம் வந்து சேர்ந்தால், காட்டோரமாக அந்த ஊர் முழுவதற்கும் தொடர்ச்சியான வேலியை அரசுச் செலவிலேயே போட்டுத் தரட்டும். வாழைக்கும் நெல்லுக்கும் ஆகும் சேதத்துக்கு அடுத்த சாகுபடிக்கு முன்பாக இழப்பீடு வரட்டும். ஒப்படைப்புக் காலத்தில் வழக்கு இல்லை என்பதை ஆணையாக எழுத்தில் வெளியிடட்டும். கெடு முடிந்த பிறகு பிடிபடும் துப்பாக்கிக்கும், அதைச் செய்த பட்டறைக்கும் சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். சட்டவிரோதமாகத் துப்பாக்கி செய்பவனுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க 2019இலேயே இடம் வைத்துவிட்டார்கள்.

இதற்குக் காவல்துறை, வனத்துறை, வேளாண் பொறியியல் துறை மூன்றும் சேர வேண்டும். இப்போது துப்பாக்கி என்றால் முதலாவதும், பன்றி என்றால் இரண்டாவதும், வேலி என்றால் மூன்றாவதுமாகத் தனித்தனியே பேசுகிறார்கள். ஒருவரிடம் போனால் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் எங்கள் பகுதி விவசாயிகள் சிலர் இதை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். அந்த ஒரு நாளாவது மூன்று துறை அதிகாரிகளும் கூட்டம் முடியும்வரை இருந்து, கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லும்படி மாவட்ட ஆட்சியர் பணிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
களக்காடு வட்டார வாழை விவசாயி,
திருநெல்வேலி மாவட்டம்