எனக்கு அடுத்தாள் யார்? கட்சிக்காரர்களுக்கு ஒரு வக்கீலின் மடல்

அன்புள்ள கட்சிக்காரர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் கண்புரை ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போய், பத்து நாள் கோர்ட்டுப் பக்கம் வராமல் இருந்தேன். அதற்குள் ஊர்ப் பேச்சில் எனக்கு என்னென்னவோ நோய் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், மூன்று பேர் கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் என்னோடு 30 வருஷப் பழக்கம். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், கேட்டதில் தப்பில்லை. ஃபீஸ் பாக்கி இருந்தால்கூடக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லியிருக்கிறது. ‘இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் கேஸ் என்ன ஆகும்’ என்ற பயம் அவர்களுக்கு. அதற்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

விஷயம் இதுதான். உங்களுக்காக ஆஜராக ஒரு வக்கீலுக்கு அதிகாரம் தந்து நீங்கள் கையெழுத்துப் போடும் வக்காலத்து, அந்த வக்கீல் இறந்தால் அதோடு முடிந்துபோகும். சிவில் நடைமுறைச் சட்டம் அப்படி. வாய்தா தேதி மட்டும் தன்பாட்டுக்கு வந்து நிற்கும்.

இதை நான் நேரில் பட்டவன். ஜூனியராக இருந்தபோது, என் சீனியர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். திங்கட்கிழமை அவருக்கு நான்கு கேஸ். டைரியைத் திறந்தால் ‘மா.தோ., பி.எ.சா.’ என்று அவர் மட்டும் படிக்கிற எழுத்து. மா.தோ. என்றால் மாந்தோப்பு வழக்கு என்று நானும் குமாஸ்தாவும் கண்டுபிடிப்பதற்குள், ஆள் ஆஜராகவில்லை என்று அது தள்ளுபடியாகிவிட்டது. மறுபடி கோப்பில் எடுக்கக் கெடு 30 நாள். கட்சிக்காரரோ சிங்கப்பூரில். தந்தியும் டிரங்க் காலுமாக அலைந்து 28ஆம் நாள் மனுப் போட்டோம். பி.எ.சா. என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனையும் பார்த்துவிட்டு, நானும் 40 வருஷமாக அதே மாதிரிதான் டைரி எழுதி வந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பது காரைக்குடிக்குப் புது விஷயமும் இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வைத்த வட்டிக்கடைகளில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன் ஒருவன் இருப்பான், அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கு மேலே கடையை நடத்தும் மேலாள். மேலாளுக்கு எழுதும் வேலை ஒப்பந்தமான சம்பளச் சீட்டுக்குக் கெடு மூன்று வருஷம். கெடு முடிந்தால் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்குப் பார்த்து, வரவு செலவு, சாவி எல்லாவற்றையும் வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். ஆள் மாறினாலும் கடையின் விலாசம், அதாவது கடைப் பெயர், மாறாது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அந்தச் சீட்டுகள் இன்னும் கிடக்கும். அவற்றைப் படித்துப் படித்தே பாகப்பிரிவினை வழக்கு நடத்திய எனக்கு, என் ஆபீசுக்கு ஓர் அடுத்தாள் வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்திருக்கிறோம்? என்னிடம் 14 வருஷமாக ஜூனியராக இருக்கும் காளையார்கோவில்காரத் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். சாட்சி விசாரணையில் என்னைவிடப் பொறுமைசாலி. மதுரையில் இருந்துகொண்டு உயர் நீதிமன்றக் கிளையில் நம் அப்பீல்களைப் பார்க்கும் வக்கீல் அம்மாவையும் போனில் பேசியிருப்பீர்கள். 2004இல் அந்தக் கிளை வந்ததிலிருந்து நாம் அப்பீலுக்காகச் சென்னைக்கு ரயில் ஏறுவதில்லை. நாங்கள் மூவரும் கூட்டுப் பத்திரம் எழுதியிருக்கிறோம். இருவர் மட்டும் கூட்டாக இருந்தால், ஒருவர் இறந்ததும் கூட்டே இல்லாமல் போகும். மூவர் இருந்து, ‘ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம்’ என்று பத்திரத்திலும் எழுதியிருந்தால்தான் நிற்கும். 1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டம் அப்படி. இதற்காகவே மூன்றாவது ஆளுக்குக் காத்திருந்தேன்.

‘மகளுக்கு ஏன் கொடுக்கவில்லை?’ என்று இரண்டு ஆச்சிமார் கேட்டுவிட்டார்கள். அவள் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்குபோட்டுக்கொள்ளப் பார் கவுன்சில் விதி இடம் தராது. வீட்டை அவளுக்கு எழுதி வைக்கலாம், ஆபீசை முடியாது. அவளுக்கும் இதில் வருத்தமில்லை, ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வீட்டு முன்கூடத்தின் மேல்தான் அவளுக்குக் கண்.

நான் உடனே போகப் போவதில்லை. இன்னும் இரண்டு வருஷம் பெரிய வழக்குகளுக்கு நானே வருவேன். புது வழக்குகளைத் தம்பி பார்ப்பார். ஃபீஸில் மாற்றமில்லை. நீங்கள் என்னிடம் சொன்ன வீட்டு ரகசியங்களைக் காக்கும் கடமை அவர்கள் இருவருக்கும் உண்டு, குமாஸ்தாவுக்கும் உண்டு. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும்.

நீங்கள் செய்ய வேண்டியது சில உண்டு. நடக்கிற வழக்கு ஒவ்வொன்றிலும் மூவர் பெயரும் போட்ட புது வக்காலத்தில் கையெழுத்து வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகத் தபால் வரும். கையெழுத்துப் போடும்போது, உங்கள் வழக்குக்கென்றே கோர்ட்டில் தரும், எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தருவோம். அதை வைத்து அடுத்த வாய்தா எப்போது என்று எந்த ஊரில் இருந்தாலும் செல்போனிலேயே பார்க்கலாம். டைரியையும் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, மா.தோ. எல்லாம் இல்லை.

உயில் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய கட்டுகளைப் புரட்டியதில், நிறைவேற்றுநர் என்று என் பெயரை எழுதிய உயில்கள் 11 இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் என்னைவிட இளையவர்கள்! நான் முந்திக்கொண்டால், சொல்லி வைத்ததை நடத்த ஆள் இருக்காது. வேறொரு பெயரைச் சேர்த்து ஓர் இணைப்பு எழுதிவிடலாம், அரை மணி நேர வேலை. உயிலை என் பீரோவில் வைக்கப் பிடிக்காதவர்கள் சீல் வைத்த உறையில் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. என் பெயருக்கோ குமாஸ்தா பெயருக்கோ பவர் பத்திரம் எழுதித் தந்தவர்களும் ஒரு நடை வாருங்கள். பவர் வாங்கியவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும்.

மூலப்பத்திரங்களை இனி ஆபீசில் வைத்துக்கொள்வதாக இல்லை. கோர்ட்டில் தாக்கல் செய்யாத பத்திரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் திருப்பித் தருகிறோம். கைநாட்டோ கையெழுத்தோ போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட் கட்டணத்துக்காக நீங்கள் தந்ததில் மிச்சப் பணம் இருந்தால், கணக்கோடு அதையும் தம்பி கொடுப்பார்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் மூவரும் ஆபீசில் இருப்போம். மாடி ஏற முடியாத ஆச்சிமார் கீழே காரிலேயே இருங்கள், காகிதத்தோடு நாங்கள் இறங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வக்கீல்
காரைக்குடி

பி.கு.: பீரோவைச் சுத்தம் செய்ததில் பெயர் எழுதாத வீட்டுச் சாவிகள் மூன்று கிடைத்தன. ஒன்று ஒரு சாண் நீளம், வளையத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. யாருடைய வளவுச் சாவி என்று சொன்னால் கொடுத்தனுப்புகிறேன்.