செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: ஆண்டீஸ் கிழங்குப் பாத்தி

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர்க் குழாய் திருத்தியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தில், போன கூட்டத்தில் அதிகம் சண்டை பிடித்து ஒதுக்கிய பாத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"லண்டன் குளிரில் வெண்டிக்காயே வரமாட்டேன் என்கிறது, பெருவிலிருந்து கிழங்கா?" என்று அன்று கேட்டார்கள். நாம் வைத்த ஓகா, உல்லுகோ, மசுவா என்ற மூன்று கிழங்குகளும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் 3,000 மீட்டருக்கு மேலே விளைகிறவை. குளிர் அவற்றுக்குப் புதிதல்ல. ஒத்துவராதது நம் நீண்ட பகல்தான். பகல் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குக் குறைந்த பிறகுதான் ஓகா கிழங்கு வைக்கத் தொடங்கும். இங்கே அது செப்டம்பர் கடைசி. நவம்பரில் உறைபனி வந்து இலையைக் கருக்கிவிடும். இடையில் கிடைக்கிற சில கிழமைகளில் கிழங்கு விரல் மொத்தம் வந்தாலே பெரிய காரியம். 1830களில் உருளைக்கிழங்குக்குப் போட்டியாக இங்கிலாந்துக்கு வந்த ஓகா, அந்தப் போட்டியில் தோற்றுப்போனது. அதே ஓகா நியூசிலாந்தில் 'யாம்' என்ற பெயரில் மரக்கறிக் கடையில் கிடைக்கிறது.

உருளைக்கிழங்கும் ஆண்டீஸிலிருந்து வந்தபோது இதே குணத்தோடுதான் வந்தது. விதை போட்டு, முந்திக் கிழங்கு வைத்ததைத் தெரிந்து, திரும்ப விதை போட்டு இந்த நாட்டுப் பகலுக்குப் பழக்கினார்கள். ஓகாவிலும் அதைச் செய்து பார்ப்பதுதான் நம் திட்டம்.

சொல்ல லேசு. ஓகாவில் மூன்று வகைப் பூ உண்டு: சூல்தண்டு (பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கிற பெண் உறுப்பின் தண்டு) நீண்டது, நடுத்தரமானது, குட்டையானது. ஒரே வகைக்குள் மகரந்தம் தடவினால் காய் பிடிப்பது அரிது. ஒரே கிழங்கிலிருந்து பிரித்து நட்ட நூறு செடியும் உண்மையில் ஒரே செடிதான். அதனால் வேறு வேறு வகைகளைத் தேடிப் பக்கத்தில் வைத்து, தூரிகையால் தடவினோம். காய் பழுத்தால் காசித்தும்பைபோல வெடித்து விதை எங்கேயோ தெறித்துவிடும். கலியாண வீடுகளில் இனிப்புப் போட்டுத் தருகிற வலைப்பைகளை ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து அள்ளிவந்து பூங்கொத்துகளுக்குக் கட்டினார். இவ்வளவு காலமும் அந்தப் பைகள் எதற்கென்று யோசித்திருக்கிறேன்.

அப்படிச் சேர்த்த விதையில் இந்த வசந்தத்தில் 40 நாற்று முளைத்தது. இனி வருவதைப் பதிவேட்டில் எழுதாமல் விட முடியாது. ஓகா நம் புளியாரையின் இனம். இளம் நாற்றுக்கு அதே மூன்று இலை, அதே புளிப்பு. ஜூனில் ஒரு சனிக்கிழமை, களை மண்டிக் கிடக்கிறதே என்று ஓர் உறுப்பினர் பாத்தியைச் சுத்தமாகப் பிடுங்கிவிட்டார். அந்த உறுப்பினர்தான் இப்போது இந்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார். தப்பியவை 11.

அந்தப் பதினொன்றில் ஏழாம் எண், அக்டோபர் முதல் கிழமையிலேயே மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தபோது சிவப்பாகக் கிழங்கு வைத்திருந்தது. மற்றவற்றில் வெறும் வெள்ளை வேர்த்தண்டுதான். உடனே பெயர் வைக்கவேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் இதே மாதிரி முந்தட்டும், அப்புறம் பார்க்கலாம். அதன் கிழங்கை நாலு பேர் தோட்டத்தில் பிரித்து வைக்கவேண்டும். யார் யார் என்று இன்றே கை தூக்குங்கள். களை பிடுங்க நான் வரமாட்டேன்.

உல்லுகோ பசளிக் குடும்பம். இலையைப் பருப்போடு கடைந்தால் வித்தியாசம் தெரியாது. கிழங்கு மட்டும் கோலிக்குண்டளவு. அது விதை வைப்பது மிக அரிது என்பதால் கலப்பு முயற்சியை விட்டுவிட்டோம். ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: வைரஸ் நோய் கிழங்கோடு கிழங்காகப் பயணம் செய்யும். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டுக் கிழங்கைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

மசுவா வேலி முழுக்கப் படர்ந்தது. பச்சையாகக் கடித்தால் முள்ளங்கியும் கடுகும் சேர்ந்த காரம். இன்கா படைவீரர்கள் மனைவியை மறந்திருக்க இதைத் தின்னக் கொடுத்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் பெர்னபே கோபோ எழுதிவைத்திருக்கிறார். இதைக் கேட்டபிறகு ஆண் உறுப்பினர் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முன்வரவில்லை.

ஆண்டீஸின் இன்னொரு கிழங்கான யாக்கோன் நன்றாக வந்தது. வேறொன்றும் சொல்ல இல்லை.

கூட்டம் முடிய ஓகா வெள்ளைக்கறி இருக்கிறது. தேங்காய்ப்பாலுக்கு அதன் புளிப்பு நன்றாகவே சேர்ந்தது, தேசிக்காய் விடவில்லை. ஆனால் அதில் ஆக்ஸலேட் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ருசி மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்