பானை வரைய மலையிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி, எங்கள் கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு மூலையை மைசூர் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கும், முத்தோரை பாலாடா பழங்குடியினர் ஆய்வு மையத்தின் காட்சிக்கூடத்துக்கும் கொடுக்கலாம். ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது.

என்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இப்போது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். (இன்னொன்று சென்னையில். மலைப்பிள்ளை ஓவியம் படிக்க வேண்டுமானால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.) போன கோடையில் சமவெளியில் ஓர் அருங்காட்சியகத்துக்கு இன்டர்ன்ஷிப் போனாள். முதலில் விழாவுக்குக் கோலம் போடச் சொன்னார்கள். “டிராயிங் பொண்ணுதானே, இந்த போர்டை எழுதிடும்மா” என்றார்களாம். அப்புறம் ஒரு பொறுப்பாளர் உடைந்த பானை ஓடுகளைக் கொடுத்து வரையச் சொல்லியிருக்கிறார். அவள் போன வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது என்பேன்.

அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் பென்சில்தான், மை ஒழுகி விடும் என்று சேமிப்பறைக்குள் பேனாவை விடுவதில்லை. ஒரே மையத்தில் பல வட்டங்கள் போட்ட தாளின் மேல் பானையின் வாய்த்துண்டைக் கவிழ்த்து நிறுத்தி, எந்த வட்டத்தோடு வளைவு ஒட்டுகிறது என்று பார்த்தால் முழுப் பானையின் வாய் அகலம் கிடைத்து விடும். பிறகு காலிப்பரால் கனத்தை அளந்து, நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் பானையை அறுத்தால் தெரியும் சுவர், மறுபக்கம் வெளித்தோற்றம் என வரைய வேண்டும். போட்டோ போதாதா என்றால், போதாது. போட்டோவில் சுவரின் கனம் தெரியாது, வாய்க்கு உள்ளே இருக்கும் மடிப்பு நிழலில் போய்விடும்.

இதை நம் மலையில் செய்ய வேண்டாமா? நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இங்குள்ள கல்வட்டங்களை, அதாவது பழங்கால ஈமச் சின்னங்களைத் தோண்டினார். அதைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பின் 1873இல் வந்தது. அங்கே கிடைத்த, எருமையும் மற்ற விலங்குகளும் மேலே நிற்கும் பானை மூடிகளைப் பார்க்க இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், இல்லை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. போனது போகட்டும். இந்த மலைப் பழங்குடிகளான கோத்தர் பெண்களின் மண்பாண்டக் கலை இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்த பல காட்சிக்கூடங்களில் பொருளின் விளக்க அட்டை “மண்பானை” என்ற ஒரு சொல்லோடு முடிந்து விடுகிறது. மாணவி அந்தப் பானையை அளந்து வரைந்து, படத்தை எடுத்துக்கொண்டு கோத்தர் ஊருக்குப் போய், இது எதற்கு, யார் செய்வது, எப்படிச் சுடுவது என்று பாட்டிமார்களைக் கேட்டு வரட்டும். அட்டை தானாக நிரம்பும்.

இன்னொரு மலைப் பழங்குடியான தோடரின் பூத்தையலும் அப்படித்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் முன்கூட்டி எதையும் வரைந்து கொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். கிராப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று வைத்தால் ஒரு புத்துக்குளியின் (தோடர் போர்வை) கோலம் முழுவதையும் பிசகாமல் பதிவு செய்து விடலாம். எந்தக் கோலத்துக்கு என்ன பெயர் என்பதை மட்டும் மந்தில் (தோடர் குடியிருப்பு) இருக்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டதை அவர்கள் சம்மதத்தோடு எழுத வேண்டும், சொன்னவர் பெயரும் அட்டையில் வர வேண்டும்.

வெளியூர் மாணவர்களுக்கு இது கஷ்டம். சீசனில் ஊட்டியில் அறை வாடகை என்னவென்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. லீவுக்கு எப்படியும் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்காகச் சும்மா வேலை வாங்கக் கூடாது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போகக் கையில் ஏதாவது நிற்கிற மாதிரி உதவித்தொகை கொடுக்கட்டும். வரைந்த படத்தின் மூலையில் அவர்கள் பெயர் இருக்கட்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: இந்த இன்டர்ன்ஷிப் அறிவிப்பைப் பிப்ரவரியிலேயே விடுங்கள். ஏப்ரல் கடைசியில் சொன்னால் கல்லூரியில் கடிதம் வாங்குவதற்குள் லீவு விட்டு விடும், பிள்ளைகளும் ஏதாவது பிளக்ஸ் கடையில் சேர்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கோத்தகிரி