தெருக்கோடி வீடுகளுக்குக் குடிநீர் வேகமாக வராதது குறித்துக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கீழத்தெரு பொதுமக்கள்,
பென்னாகரம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி மாவட்டம்.

பொருள்: தெருக் குடிநீர் லைனின் வால்வையும் பைப்பையும் சோதித்துச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வராமல் இல்லை. வருகிறது, நூல் மாதிரி. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற நாளிலும் தெருக்கோடியில் ஒரு குடம் நிறைவதற்குள் விடுகிற நேரம் முடிந்துவிடுகிறது.

கேட்டால், "உங்க வீட்டுக் குழாயைப் பாருங்க" என்கிறார்கள். சரி, பார்த்துவிட்டோம். பிளம்பரை வைத்து டேப்பைக் கழற்றி, சல்லடையில் அடைத்திருந்த மணலைத் தட்டினோம். வாசல் வால்வு முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. வீட்டுக்குள் போகும் பைப்பையே கழற்றிவிட்டு, தெரு லைனிலிருந்து வரும் இணைப்பில் நேராகக் குடத்தை வைத்தோம். அங்கேயும் அதே நூல்தான்.

இன்னொன்று. மற்றவர்கள் குழாயை மூடியிருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வருகிறது. நாலைந்து வீட்டில் திறந்ததும் படுத்துவிடுகிறது. தொட்டியின் உயரம் போதாதென்றால் ஒரு வீட்டில் திறந்தாலும் மந்தமாகத்தான் வரும். ஆகவே நடுவில் எங்கோ பாதை குறுகியிருக்கிறது. தெருமுனை வால்வு பாதி திறந்தபடி இறுகியிருக்கலாம், பழைய இரும்பு பைப்பில் துரு ஏறியிருக்கலாம். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ரோடு போட்டவர்கள் வால்வு குழி மூடியின் மேலேயே தாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம் மோட்டார். முன் வீடுகள் சிலவற்றில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். கரண்ட் போனதும் எங்கள் குழாய்க்கு உயிர் வருவதே இதற்குச் சாட்சி. பக்கத்து வீட்டார் மேல் மனு எழுத எங்களுக்கும் விருப்பமில்லை. ஆனால் அப்படி உறிஞ்சும்போது லைனில் விரிசல் இருந்தால் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே இழுபடும். அது அவர்கள் வீட்டுக்கும்தான் போகும்.

போர் தண்ணீரைக் குடிக்கச் சொல்வோருக்கு நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் புளோரைடு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை, காலப்போக்கில் எலும்பும் மூட்டும் பாழ். காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். இதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் திட்டம் கட்டி 2013-ல் தொடங்கிவைத்தார்கள்?

எனவே, வால்வு குழியைத் தோண்டித் திறந்து, வால்வைப் பழுது பார்க்கவோ மாற்றவோ உத்தரவிட வேண்டுகிறோம். தெருமுனையிலும் கடைசி வீட்டிலும் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) வைத்து ஒரே நேரத்தில் அளந்தால் அடைப்பு எந்தப் பக்கம் என்பது புலப்படும். அந்தப் பகுதி பைப்பை மாற்றித் தர வேண்டும். நேரடி மோட்டார்களை அகற்ற வேண்டும். வேலை முடியும்வரை எங்கள் தெருவுக்குத் தனி முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் போதும்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் தயவுசெய்து காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் வர வேண்டும். மதியம் வந்தால் எல்லார் வீட்டுக் குழாயும் ஒன்றுபோலக் காய்ந்துதான் கிடக்கும்.

இப்படிக்கு,
கீழத்தெரு பொதுமக்கள்

(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)