மாப்பிள்ளை வீட்டு ஒட்டகக்காரர்

பாப்பா,

"நம்ம தாத்தாவோட அப்பா பேரே நமக்குத் தெரியாது, நீ ஏம்மா என் மாமியார் வீட்டுக் கதையைத் தோண்டுற?" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். தோண்டுவது நான் மட்டும் இல்லை. சனிக்கிழமையானால் உன் மாமியார் இங்கே வந்துவிடுகிறார், நான் காபி போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறேன், அப்புறம் இருட்டியதுகூடத் தெரிவதில்லை.

அவர்கள் வீட்டில் காலம்காலமாகச் சொல்லிவந்தது ஒரே வரிதான்: தாத்தா ஆப்கானி, மரீயில் ஒட்டகம் ஓட்டினார். மரீ என்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஒரு சின்ன ஊர். பலூச்சிஸ்தானோ, சிந்துவோ, பஞ்சாபோ, எங்கிருந்து வந்தாலும் ஒட்டகக்காரர் என்றால் இங்கே ஆஸ்திரேலியாவில் ஆப்கானிதான். 1860-ல், ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கக் கிளம்பிய பர்க், வில்ஸ் பயணத்துக்கென்று 24 ஒட்டகங்கள் கப்பலில் மெல்பர்னுக்கு வந்தன. 1866-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் நூற்றுக்கு மேல் இறங்கின. லாரி வரும்வரை உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மாவும் சர்க்கரையும் போனதும், அங்கிருந்து கம்பளி மூட்டை வந்ததும் இவர்களால்தான். அந்த மரீயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறு பக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

ட்ரோவ் என்ற ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் பார்க்கலாம், பெரும்பாலும் 1954 வரை இருக்கின்றன. ஆனால் பெயர்தான் தகராறு. முகமது என்பதை மஹோமெட், மஹமத் என்று அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், பாதி இடத்தில் பெயரே இல்லாமல் "ஒரு ஆப்கானியர்".

கடைசியில் அந்தத் தாத்தா கிடைத்தது தேசிய ஆவணக் காப்பகத்தில். 1901-ல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்ததே, அதன்படி அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை சொல்லச் சொல்ல, உள்ளே வருகிறவர் எழுத வேண்டும், எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம், அதாவது தேறவே முடியாது. இங்கேயே பல வருஷம் இருந்தவர்கள்கூட ஊருக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் முன்னாலேயே அந்தத் தேர்விலிருந்து விலக்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, உள்ளங்கை அச்சு. வேண்டாதவர்களை உள்ளே விடாமலிருக்கப் போட்ட சட்டம், அதனால்தான் அவர் முகம் இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உன் மாமியார் அந்தப் பக்கவாட்டுப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது என் தம்பியோட காது" என்றார்.

ஆவணம் இருந்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிந்தவர் வேண்டும். புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரில் ஒட்டகக்காரர்கள் தகரத்தில் கட்டிய பள்ளிவாசலில் இருந்த ஒரு புத்தகத்தை ரொம்ப காலம் குர்ஆன் என்றே நினைத்திருந்தார்கள். வங்காளி தெரிந்த ஒரு வரலாற்றாய்வாளர் பார்த்தபோதுதான் அது நபிமார் கதைகளை வங்காளிச் செய்யுளில் சொல்லும் நூல் என்று தெரிந்தது. அந்தப் பாலைவனத்தில் யாரோ உட்கார்ந்து அதை ராகம்போட்டு வாசித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பாட்டி விஷயம்தான் கஷ்டம். அவர் பூர்வகுடிப் பெண். கல்யாணப் பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. 1911-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம், பூர்வகுடிக் குழந்தைகள் எல்லோருக்கும் அரசாங்கப் பாதுகாவலரே சட்டப்படி கார்டியன் என்றது, பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் சரி. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் வாழ்ந்தவர்கள் "எங்களுடையது ஆப்கான் குடும்பம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? அந்த ஒற்றை வரிக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் மாமியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். உன் மாமியாரின் அக்கா பெர்த்தில் உன் வீட்டுப் பக்கம்தானே இருக்கிறார், பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர் ஒருத்தர்தான். முதலில் மாப்பிள்ளையே பேசட்டும், அந்த அக்கா சரி என்றால் நீயும் போ. கேட்டுவிட்டு ரெக்கார்ட் பண்ணு, வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு, அது அவர்கள் வீட்டு விஷயம். பழைய போட்டோ எடுத்துக் காட்டினால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடி, பெயரும் ஊரும் பென்சிலில் அங்கேதான் எழுதியிருப்பார்கள். நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்பில் மட்டும் எதையும் போட்டுவிடாதே, உன் சித்தப்பா அஞ்சு நிமிஷத்தில் திருநெல்வேலி முழுக்க அனுப்பிவிடுவார்.

அம்மா